விளக்குத்தூணையும் கொஞ்சம் கவனியுங்கள்

மதுரையின் குணத்தைச் செய்தது மீனாட்சி கோயிலும் சித்திரைத் திருவிழாவும்தான் என்று உங்கள் கட்டுரை முடிகிறது. பாதிதான் சரி. விளக்குத்தூணை விட்டுவிட்டீர்களே!

1840 வாக்கில் ஆங்கிலேயக் கலெக்டர் பிளாக்பர்ன் பழைய கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார். அவர் நினைவாக நிற்கிற தூண் அது. அந்த வேலையில் முன்னின்ற பெருமாள் மேஸ்திரி பெயரிலும் சர்வேயர் மாரட் பெயரிலும் இன்றைக்கும் வீதிகள் இருக்கின்றன. ராஜாவுக்கு வீதி வைப்பது எங்கும் உண்டு, மேஸ்திரிக்கு வைத்த ஊர் எத்தனை?

கோயிலைச் சொன்னீர்கள், 1939 ஜூலை 8ஐச் சொல்லவில்லை. சாதியின் பேரால் அதுவரை உள்ளே விடப்படாத கக்கன் உள்ளிட்டோரை அழைத்துக்கொண்டு, காங்கிரஸ்காரர் வைத்தியநாத அய்யர் அன்றுதான் கோயிலுக்குள் நுழைந்தார். அதற்கு முன்னும் கோபுரம் அதே உயரம்தானே?

போன வாரம் ராத்திரி பதினொன்றரைக்கு விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடித்துக்கொண்டிருந்தேன். வெளியூர்க்காரர் ஒருவர் வழி கேட்டார். கடைக்காரர் கரண்டியைப் போட்டுவிட்டு, "வாங்கண்ணே" என்று தெருமுனை வரைக்கும் கூடவே நடந்தார். என் டம்ளர் பாதியில் நின்றது. நானும் ஒன்றும் சொல்லவில்லை.