ஆபரேஷன் ஆன பிறகும் வலி இருந்தால்

"அதான் ஆபரேஷன் பண்ணியாச்சே, இன்னும் என்ன வலி?" எண்டோமெட்ரியோசிஸுக்கு (கருப்பையின் உள்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) லேப்ராஸ்கோபி என்ற சிறுதுளை ஆபரேஷன் செய்துகொண்ட பெண்ணிடம் தயவுசெய்து யாரும் இப்படிக் கேட்காதீர்கள். கண்ணுக்குத் தெரிந்த திசுவைத்தான் ஆபரேஷனில் எடுக்க முடியும். ஐந்து ஆண்டுகளுக்குள் 40 முதல் 50 சதவீதம் பேருக்கு நோய் திரும்புகிறது.

முதல் இரண்டு மூன்று நாள் தோள்பட்டை வலித்தால் பயம் வேண்டாம். வயிற்றை உப்பவைக்கச் செலுத்திய கார்பன் டை ஆக்சைடு உதரவிதானத்தை உறுத்துவதால் வரும் வலி அது. அடுத்த ஓரிரு மாதவிடாய் முன்பைவிடக் கடுமையாகவும் வரலாம். அதற்குள் ஆபரேஷன் பலிக்கவில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

மாதங்கள் கடந்தும் வலி நின்றபாடில்லை என்றால், ஆபரேஷன் குறிப்பை வாங்கிப் படிக்கச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. எங்கெல்லாம் திசு இருந்தது, வெட்டி எடுத்தார்களா, மேலோட்டமாகச் சுட்டார்களா, குடல் பக்கம் எதையாவது விட்டுவைத்தார்களா, கருப்பைச் சுவருக்குள்ளேயே அத்தகைய திசு வளரும் அடினோமயோசிஸ் உண்டா என்பதெல்லாம் தெரிய வேண்டும். ஸ்கேன் நார்மல் என்பதால் வலி பொய்யாகிவிடாது.

பெரும்பாலும் யாரும் பார்க்காமல் விடுவது, சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடலைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசையை. வருடக்கணக்கில் வலிக்குப் பயந்து இறுகிப் பழகிய தசை, திசுவை எடுத்த மறுநாளே தளர்ந்துவிடாது. உட்கார்ந்தால், மலம் கழித்தால், உடலுறவின்போது, சிறுநீர் கழித்து முடித்ததும் குத்துகிறதா? தசையைச் சந்தேகியுங்கள். இங்கேதான் தவறான அறிவுரை வருகிறது: இந்தத் தசையை இறுக்கிப் பிடித்து விடும் கீகல் பயிற்சி. ஏற்கெனவே இறுகிய தசையை மேலும் இறுக்கினால் வலி கூடும். வேண்டியது தளர்த்தும் பயிற்சி. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, ஒரு கையை வயிற்றில் வையுங்கள். மூச்சை இழுக்கும்போது வயிறு மேலெழ வேண்டும், ஆசனவாய்ப் பகுதி கீழே தளர வேண்டும். ஐந்து நிமிடம், தினம் இரண்டு வேளை. வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்கடியில் சிறு முக்காலி போட்டுக்கொள்ளுங்கள், முக்க வேண்டாம். இதில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் கிடைத்தால் கட்டாயம் பாருங்கள்.

வலி மாத்திரையை "தாங்க முடியாதபோது பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுவதும் தப்பு. மெஃபனாமிக் அமிலம் போன்றவை வலியைத் தூண்டும் புராஸ்டகிளாண்டின் என்ற பொருள் புதிதாகச் சுரப்பதைத் தடுப்பவை. ஏற்கெனவே சுரந்ததை அழிப்பவை அல்ல. உதிரம் தொடங்கும்போதே, சாப்பிட்ட பிறகு, டாக்டர் சொன்ன இடைவெளியில் போட வேண்டும். அல்சர், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

உடனே குழந்தைக்கு முயலாதவர்கள் ஹார்மோன் சிகிச்சையைத் தொடர்வது நல்லது. ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவ அமைப்பான ஈஷ்ரேயின் (ESHRE) 2022 வழிகாட்டுதல், மாதவிடாய் வலி திரும்பாமலிருக்க கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் காயில் அல்லது கூட்டுக் கருத்தடை மாத்திரையை குறைந்தது 18 முதல் 24 மாதம் தொடரலாம் என்கிறது. டைனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரை 2 மி.கி. போடுபவர்களுக்கு முதல் சில மாதம் திட்டுத்திட்டாக ரத்தம் படும். அதற்குப் பயந்து பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். மனச்சோர்வு தெரிந்தால் மட்டும் தாமதிக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

தேதி, மாதவிடாயின் எத்தனையாவது நாள், வலி பத்துக்கு எவ்வளவு, எந்த இடம், மாத்திரை போட்ட நேரம் என்று மூன்று மாதம் எழுதுங்கள். மாதவிடாயை ஒட்டியே வரும் வலிக்கும் தினமும் இருக்கும் வலிக்கும் மருத்துவம் வேறு.

ஆபரேஷன் ஆன புதிதில் 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், வாந்தியோடு வயிறு உப்பல், சிறுநீர் குறைதல், விலாவுக்குக் கீழே ஒரு பக்கமாகக் கடும் வலி, கெண்டைக்கால் வீக்கம், பிறப்புறுப்பில் தண்ணீர்போல ஒழுகல், இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.