வொண்டர் வுமன் முதல் பெண் சூப்பர் ஹீரோ அல்ல

"காமிக்ஸ் உலகின் முதல் பெண் சூப்பர் ஹீரோ வொண்டர் வுமன்தான்" என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். இல்லை ஐயா. அவள் அறிமுகமானது 1941-இன் கடைசி மாதங்களில், 'ஆல் ஸ்டார் காமிக்ஸ்' எட்டாம் இதழில். 1940-லேயே ஃபாண்டோமா என்ற காட்டு நாயகி மாய சக்திகளோடு வந்துவிட்டாள். 1941 ஏப்ரலில் செய்தித்தாள்களில் 'மிஸ் ஃப்யூரி' என்ற பெண் சூப்பர் ஹீரோவின் படக்கதைத் தொடர் தொடங்கியது. அதை எழுதி வரைந்த டார்பே மில்ஸ் ஒரு பெண்! ஜூன் என்ற முதற்பெயரைப் போட்டால் பெண் என்று தெரிந்துவிடுமே என்று அதை விட்டுவிட்டார். எனக்கு வொண்டர் வுமனைவிட இந்தக் கதைதான் சுவாரசியம்.

வொண்டர் வுமனைப் படைத்த உளவியலாளர் வில்லியம் மார்ஸ்டன் "பொய் கண்டறியும் கருவியைக் கண்டுபிடித்தவர்" என்பதும் அரை உண்மையே. அவர் வகுத்தது ரத்த அழுத்தத்தை வைத்துப் பொய்யை அறியும் சோதனை. ரத்த அழுத்தம், மூச்சு போன்றவற்றைச் சேர்த்துப் பதியும் பாலிகிராஃப் என்ற பொய் கண்டறியும் கருவியை 1921-இல் அமைத்தவர் ஜான் லார்சன்.

ஆனால் செல்வாக்கில் வொண்டர் வுமனுக்கு ஈடு கிடையாது. 1972-இல் அமெரிக்கப் பெண்ணிய இதழான 'மிஸ்' அவளைத்தான் அட்டையில் ஏற்றியது, ஃபாண்டோமாவை அல்ல. 2016-இல் ஐ.நா. கௌரவத் தூதர் பட்டமும் தந்தது. எதிர்ப்பு கிளம்பவே இரண்டே மாதத்தில் அது முடிவுக்கு வந்தது.