காசை வெளியே எடுக்காதீர்கள் மச்சான்மாரே

நெடுந்தீவில் இருந்து திரும்பி வந்து நாலு நாள் ஆகிறது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. மனைவியிடம் சொன்னேன். "உங்கட கூட்டாளிமார் எப்பவும் அப்பிடித்தானே" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். எப்போதும் அப்படி இல்லை. முன்பு நாங்கள் இப்படி இருந்ததே இல்லை. என் எரிச்சலே அதில்தான்.

நாங்கள் ஆறு பேர். ஒன்றாக உயர்தரம் படித்தவர்கள். ஒருவன் கனடாவில், ஒருவன் லண்டனில், ஒருவன் கொழும்பில் வங்கி வேலை. மிச்சம் மூன்று பேரும் இங்கே யாழ்ப்பாணத்தில்தான் கிடக்கிறோம். கனடாக்காரன் வரும்போதெல்லாம் எங்கேயாவது போய் இரண்டு இரவு தங்கிச் சமைத்துச் சாப்பிட்டுக் கதைத்து வருவது எங்கள் வழக்கம். போன முறை காரைநகரில் கசூரினாக் கடற்கரைப் பக்கம். இந்த முறை நெடுந்தீவு என்று முடிவானபோது அதிகம் சந்தோசப்பட்டவன் நான்தான். குறிகட்டுவானில் படகு ஏறினால் ஒரு மணித்தியாலம். முருகைக்கல் வேலிகளைப் பார்க்கலாம், உள்ளே ஆள் புகுந்து நிற்கக்கூடிய பெருக்குமரத்தைப் பார்க்கலாம், விடியற்காலையில் எழுந்து போனால் குதிரைகளைக் கூட்டமாகப் பார்க்கலாம். மூன்று மாதமாக வாட்ஸ்அப்பில் இதைத்தான் கதைத்தோம்.

அங்கே போய் அவர்கள் பார்த்தது கடதாசிக் கட்டை மட்டும்தான்.

கடதாசி விளையாட்டுக்கு நான் எதிரி இல்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்தவன் 304-க்கு எதிராக வாய் திறப்பானா? எங்கள் வீட்டுத் திண்ணையில் ஐயாவும் அயலவர்களும் ஆட, பின்னால் நின்று பார்த்துப் பழகியவன் நான். இரண்டு சோடியாக நாலு பேர். ஏழுக்குக் கீழே உள்ளதையெல்லாம் எடுத்துவிட்டு 32 கடதாசி, ஆளுக்கு எட்டு. ஜாக்குக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. ஒரு சாதிக்கு 76, நாலு சாதிக்கும் 304. மற்றதையெல்லாம் வெட்டுகிற துரும்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, 160 புள்ளி எடுப்பேன் என்று கேட்டவனின் முகத்தைப் பார்க்க வேண்டும், அந்த முழிக்கே சோறு தண்ணி மறந்து போகும். பிழையாக வெட்டினால் சோடிக்காரன் தரும் ஏச்சு ஒரு வருடத்துக்குக் காணும். தோற்ற சோடி எழும்ப வேண்டும், காத்திருக்கும் சோடி இருக்க வேண்டும். ஆறு பேருக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி. ஒரு சதம் கைமாறாது.

முதல் நாள் பின்னேரம் அப்படித்தான் தொடங்கியது. பொழுதுபடக் கள்ளு வந்தது. லண்டன்காரன்தான் முதலில் வாயைத் திறந்தான். "சும்மா விளையாடி என்னடா, அம்பது ரூபா வைப்பம்." 304 போய், ஆளுக்கு மூன்று கடதாசி போட்டு நடுவில் காசு கட்டும் ஆட்டம் வந்தது. ஐம்பது நூறாகி, நூறு ஐந்நூறாகி, இரவு பத்து மணிக்கு நடுவில் ஐயாயிரம் ரூபாய்த் தாள் கிடந்தது. ஏன் என்று கேட்டால் எல்லாரும் ஒரே பாட்டு: "விளையாட்டுக்குத்தானே மச்சான்!"

என்ன விளையாட்டு? 304-இல் எவ்வளவு பெரிய ஆளுக்கும் எட்டுக் கடதாசிதான், 304-க்கு மேலே ஒரு புள்ளி கூடக் கிடையாது. இந்த மூன்று கடதாசியில் பொக்கற்றில் உள்ள காசும் ஒரு கடதாசி! கடதாசியைப் பார்க்காமலே ஒருவன் ஏற்றிக்கொண்டு போகலாம், பார்த்தவன் அதைப்போல் இரட்டிப்புக் கட்ட வேண்டும். காசு முடிந்தவன் எவ்வளவு நல்ல கை வைத்திருந்தாலும் கவிழ்த்துவிட்டு எழும்ப வேண்டியதுதான். டொலரில் சம்பளம் எடுப்பவனையும் தோட்டம் செய்கிறவனையும் ஒரே பாயில் இருத்தி இந்த ஆட்டத்தை ஆடுவது எந்த ஊர் நியாயம்?

இரண்டாம் நாள் நான் கூழ் காய்ச்சினேன். சும்மா சொல்லவில்லை, நாலு மணித்தியால வேலை. ஒடியல் மாவை, அதுதான் காய்ந்த பனங்கிழங்கு மாவை, மத்தியானமே ஊறப்போட்டு, கைப்புப் போக மூன்று முறை தண்ணீர் மாற்றினேன். துறையில் போய் நின்று நண்டும் இறாலும் மீன் தலையும் வாங்கினேன். பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, ஒரு பிடி அரிசி எல்லாம் அவிந்த பிறகு நண்டைப் போட்டு, செத்தல் மிளகாயை அம்மியில் அரைத்துச் சேர்த்து, பழப்புளி விட்டு, கடைசியில் மாவைக் கரைத்து ஊற்றித் துழாவினேன். விறகுப் புகையில் கண் எரிந்தது. கோலிக் குடிக்க வீட்டில் இருந்து பலாவிலைகூடக் கட்டிக்கொண்டு போயிருந்தேன். கூழ் கொதிக்கக் கொதிக்கக் குடிக்க வேண்டிய சாமான். ஆறினால் இறுகிக் களியாகிவிடும்.

ஏழு மணிக்குக் கூப்பிட்டேன். "இந்தக் கை முடியட்டும்." ஏழரைக்குக் கூப்பிட்டேன். "கொஞ்சம் பொறடா." ஒன்பது மணிக்கு அகப்பையை விட்டால் நட்டுக்கு நின்றது. பத்தரைக்கு வந்து, கட்டியாகிப்போன கூழை ஆளுக்கு ஒரு கரண்டி அள்ளிக்கொண்டு, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் திரும்பவும் பாயில் போய் இருந்தார்கள். மிச்சத்தை நாய்க்கு ஊற்றினேன். இன்றைக்கு நண்டு விற்கிற விலையில்!

கூழ் போகட்டும். அச்சுவேலிக்காரனின் கதைதான் எனக்கு வயிற்றெரிச்சல். எங்கள் ஆறு பேரில் வெங்காயத் தோட்டம் செய்கிறவன். வெளிக்கிட்ட அன்று காலையில்தான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் வியாபாரியிடம் காசை வாங்கிக்கொண்டு நேரே பஸ் ஏறியவன். அடுத்த நடுகைக்கு விதை வெங்காயம் எடுக்க வைத்திருந்த காசு அது. முதல் இரவு வெளியே நின்று பார்த்தான். இரண்டாம் இரவு, "என்னடா, மனிசிக்குப் பயமோ?" என்று கேட்டுக் கேட்டு இருத்திவிட்டார்கள்.

கடைசிக் கை நடந்தபோது அவனுக்குப் பின்னால்தான் நின்றேன். அவனிடம் இரண்டு ராசா. கனடாக்காரன் கடதாசியைத் தொட்டும் பார்க்காமல் சிரித்துச் சிரித்து ஏற்றுகிறான். இவன் இரட்டிப்பு, இரட்டிப்பாகக் கட்டுகிறான். தாளை விரலால் நீவி, ஒருமுறை பார்த்து, பிறகுதான் நடுவில் வைப்பான். நகத்துக்குள் தோட்டத்துச் செம்மண் இருந்தது. கையில் இருந்தது முடிய வங்கிக்காரனிடம் பத்தாயிரம் கடன் வாங்கினான். அதுவும் முடிந்தது. இரண்டு ராசாவையும் கவிழ்த்து வைத்தான். கனடாக்காரன் தன் மூன்றையும் அப்போதுதான் திருப்பினான்: நாலு, ஏழு, ஒன்பது. ஒன்றுமே இல்லாத கை. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவனும் சிரித்தான். கடனோடு சேர்த்து 47,000 ரூபாய் போயிருந்தது.

விடிய ஒருவரும் எழும்பவில்லை. குதிரைகளை நான் தனியே போய்ப் பார்த்தேன். ஒரு குட்டி தாயோடு ஒட்டிக்கொண்டு நின்றது. பக்கத்தில் சொல்ல ஆள் இல்லை.

திரும்பும்போது மாவலித்துறையில் படகுக்கு நின்ற நேரம் அச்சுவேலிக்காரனைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய், "நான் கொஞ்சம் தாறன், விதை வெங்காயத்தை எடு, பிறகு தா" என்றேன். கையைத் தட்டிவிட்டான். "விளையாட்டுக்குத்தானே மச்சான்" என்றான். அந்த வார்த்தையை அவன் வாயால் கேட்டபோதுதான் எனக்கு நெஞ்சு அடைத்தது. படகில் மற்றவர்கள் அணியத்தில் நின்று படம் எடுத்தார்கள். இவன் என்ஜின் பக்கம் போய் இருந்தவன், குறிகட்டுவான் வரும்வரை வாய் திறக்கவில்லை.

கனடாக்காரனுக்கு அன்றிரவே போன் எடுத்து, வென்ற காசைத் திருப்பிக் கொடு என்று கேட்டேன். "குடுத்தால் அவனுக்கு அவமானமடா" என்கிறான். வெல்லும்போது அவனுடைய மானம் இவனுக்கு ஞாபகம் வரவில்லையே! முந்தநாள் அவனே குழுவில் போட்டிருக்கிறான்: "அடுத்த முறை மன்னார், எல்லாரும் ரெடியோ?"

நான் வருவேன். கூழும் காய்ச்சுவேன். கடதாசிக் கட்டும் நானே கொண்டு வருவேன், ஏழுக்குக் கீழ்ப்பட்டதையெல்லாம் வீட்டில் எடுத்து வைத்துவிட்டு 32 மட்டும். எவனாவது நடுவில் காசை வைத்தால் அடுத்த பஸ்ஸில் அச்சுவேலிக்காரனையும் இழுத்துக்கொண்டு யாழ்ப்பாணம் திரும்பிவிடுவேன். குழுவில் இதை அப்படியே எழுதிப் போட்டிருக்கிறேன். ஐந்து பேரும் பார்த்துவிட்டார்கள்.