கேரியர் இல்லாத நல்ல சைக்கிள்

போன ஐப்பசியில் ஒரு மழை நாள். காவிரிப் பாலத்தில் எனக்கு முன்னால் போன ஆட்டோ சட்டென்று நின்றுவிட்டது. பிரேக் பிடித்தேன். வண்டி நின்றது.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருபத்தைந்து வருஷமாகச் சைக்கிள் மிதிக்கிற எனக்கு அது பெரிய விஷயம். என் பழைய கறுப்பு சைக்கிளில் ரிம் குரோம் பூசிய இரும்பு. அது நனைந்துவிட்டால் பிரேக் கட்டை எவ்வளவு அழுத்தினாலும் வழுக்கும். செருப்புக் காலைத் தரையில் தேய்த்துத்தான் நிறுத்துவோம். மழை பெய்தால் பத்தடி முன்பே பிரேக் பிடி என்று அப்பா சொல்லிக்கொடுத்ததே அதனால்தான். இப்போதைய வண்டியில் முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக். மழை என்றாலும் பிடித்த இடத்தில் நிற்கிறது.

ஸ்ரீரங்கத்தில் இருந்து தில்லைநகர் வரை போகவர ஏறக்குறைய 12 கி.மீ. வேலைக்குப் போக எனக்கு வேறு வண்டி இல்லை. பழைய வண்டி இருபது கிலோவுக்கு மேல் இருந்தது. புதியது பதினாலு கிலோ, அலாய் ஃபிரேம், பின்னால் ஏழு கியர். விலை 13,500 ரூபாய். பத்து வருஷத்துக்கு முன்பு இதுமாதிரி ஒன்றை விசாரித்தேன். அப்போது கடைக்காரர் எடுத்துக் காட்டியது எல்லாமே 20 ஆயிரத்துக்கு மேல். கும்பிடு போட்டுவிட்டுப் பழைய சைக்கிளையே ஓவராயில் செய்து ஓட்டினேன்.

விலை இறங்கியதற்கு வரி ஒரு காரணம். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமானது. வரிக்கு முந்தைய விலை 10,000 என்றால் முன்பு 11,200 கொடுத்தோம், இப்போது 10,500. மனசார வரவேற்கிறேன். ஆனால் ஒரு வருத்தம் இருக்கிறது. லட்சக்கணக்கில் விலை போகும் மின்சாரக் காருக்கு 2019-லேயே 5 சதவீதம் ஆக்கிவிட்டார்கள். காலால் மிதிக்கிற சைக்கிளுக்கு அதற்கு அப்புறம் ஆறு வருஷம் ஆகியிருக்கிறது. பெட்ரோலும் கேட்காத, மின்சாரமும் கேட்காத வண்டி இது. இதை யாருமே நினைத்துப் பார்க்கவில்லையா?

வரியைவிடப் பெரிய காரணம், நல்ல பாகங்கள் கீழே இறங்கி வந்ததுதான். சைக்கிள் பாகங்கள் செய்கிற ஷிமானோ மாதிரி நிறுவனங்கள் ஒரு நுட்பத்தை முதலில் பந்தய சைக்கிளில் போடும். சில வருஷம் கழித்து அது நடுத்தர வரிசைக்கு வரும், அப்புறம் கடைசி வரிசைக்கும் வரும். என் வண்டியில் இருப்பது அவர்களுடைய ஆரம்ப நிலை கியரான டூர்னி. கட்டைவிரலால் தட்டினால் மாறுகிறது. எனக்கு அது போதும். ஆடி மாதத்தில் பாலத்தில் மேற்கே இருந்து அடிக்கிற காற்று சைக்கிளை ஓரத்துக்குத் தள்ளும். அந்த நேரத்தில் இரண்டு கியர் இறக்கிவிட்டு நிதானமாக மிதிக்கலாம். பழைய வண்டியில் பெடல் தண்டை அச்சோடு பிடித்து வைக்கிற காட்டர் பின் மாதம் ஒருமுறை தளர்ந்து பெடல் ஆடும், சுத்தியலோடு உட்கார வேண்டும். இதில் காட்டர் பின்னே கிடையாது. பால்ரஸ் எல்லாம் மூடிய கூட்டுக்குள் இருக்கிறது, சேறு போவதில்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அதே விலைக்கு இரண்டு ஷாக் அப்சார்பர், மாட்டு வண்டிச் சக்கரம் மாதிரி தடித்த டயர் போட்ட வண்டிகள் பளபளவென்று நிற்கும். பிள்ளைகள் அதைத்தான் கேட்பார்கள். தார் ரோட்டில் அது வெறும் சுமை. மிதிக்கிற பலத்தில் பாதியை அந்த ஸ்பிரிங்கே தின்றுவிடுவது போல இருக்கும். ஆன்லைனில் வாங்கினால் பாதி பூட்டிய நிலையில் பெட்டியில் வரும். என் தங்கை மகனுக்கு அப்படி வந்ததில் முன் சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க்கைப் பின்பக்கமாகத் திருப்பி மாட்டி ஒரு வாரம் ஓட்டியிருக்கிறான். நல்ல வேளை, விழவில்லை. முந்நூறு ரூபாய் போனாலும் பரவாயில்லை, கடையில் கொடுத்துப் பூட்டுங்கள்.

சரி, நான் சொல்ல வந்தது வேறு. இந்த நல்ல சைக்கிள் யாருக்காகச் செய்யப்படுகிறது? என் வண்டி வந்தபோது கேரியர் இல்லை, மட்கார்டு இல்லை. தனியாக வாங்கிப் போட 1,400 ரூபாய் ஆனது. விளம்பரத்தில் ஹெல்மெட் போட்டவர் மலைப் பாதையில் போகிறார். தினமும் சைக்கிள் மிதிக்கிறவர்கள் பால் ஊற்றுகிறவர், கட்டட வேலைக்குப் போகிறவர், இரவுக் காவலாளி. விலை அவர்களுக்கு எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது, வண்டி இன்னும் அவர்களை நினைக்கவில்லை.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். அந்தப் பெண்களுக்கு வங்கிக் கடன் கிடைக்க அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் வழிசெய்தார். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளை வாங்கினார்கள். முன்பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பிய பெண்களும் உண்டு. சைக்கிளில் என்ன வேண்டும் என்பது ஓட்டுகிறவர்களுக்குத்தான் தெரியும். அவர்களைக் கேட்டுச் செய்தால், அதே அலாய் ஃபிரேமில் கனமான கேரியரும் இரட்டைக்கால் ஸ்டாண்டும் வைப்பது கஷ்டமா? கிரெடிட் கார்டு இல்லாத ஒரு கூலித் தொழிலாளி 13,000 ரூபாய் சைக்கிளைத் தவணையில் வாங்க ஒரு கூட்டுறவுச் சங்கம் உதவக் கூடாதா? கியர் பழுது பார்க்க நம் தெருவோரப் பஞ்சர் கடைக்காரருக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தால், கிராமத்திலும் இந்த வண்டி தைரியமாக ஓடுமே.

எங்கள் ஆபீஸ் காவலாளி அண்ணன் போன வாரம் என் வண்டியை வாங்கி ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். ஐம்பத்தெட்டு வயது, தினமும் 16 கி.மீ. மிதிக்கிறார். இறங்கும்போது முகம் மலர்ந்திருந்தது. "தம்பி, காத்துல போற மாதிரி இருக்கு" என்றார். அடுத்து கேரியரைத் தட்டிப் பார்த்து, "இதுல ஒரு சிப்பம் அரிசி ஏத்தலாமா?" என்று கேட்டார். கேரியரில் எழுதியிருந்தது 25 கிலோ. அது பள்ளம் மேட்டில் தாங்குமா என்று எனக்கே சந்தேகம்.

அவர் பணம் சேர்க்கத் தொடங்கிவிட்டார். திருச்சி பக்கம் அலாய் சைக்கிளுக்கு 40 கிலோ தாங்குகிற கேரியர் செய்து பூட்டித் தருகிற கடையோ வெல்டிங் பட்டறையோ தெரிந்தால் கமெண்டில் சொல்லுங்கள். சனிக்கிழமை அவரோடு போகலாம் என்று இருக்கிறேன்.