எந்த ஒட்டகம் என்று சொல்லவில்லையே

ஒட்டகக் கறி ரப்பர் மாதிரி இருக்கும், அதனால்தான் விற்காது என்கிறது உங்கள் கட்டுரை. நான் ரியாத்தில் ஒன்பது வருடம் இருந்தவன். அங்கே கறிக்கடையில் ‘ஹாஷி’ என்று கேட்டுத்தான் வாங்குவார்கள், அதாவது இளம் ஒட்டகம். அதன் கறி மெத்தென்றுதான் இருக்கும். சதையில் கொழுப்பு குறைவு, கொழுப்பெல்லாம் திமிலில். கடைக்காரர் அந்த வெள்ளைக் கட்டியில் ஒரு துண்டு அறுத்து, கேட்காமலே கறியோடு போடுவார். அதைச் சேர்க்காமல் கொத்துக்கறி வதக்கிப் பாருங்கள், சட்டியிலேயே வறண்டுவிடும். (முதல் தடவை நான் அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டவன்தான்!)

நீங்கள் சொல்லும் முரட்டுக் கறி பெரும்பாலும் வயதான ஒட்டகத்துடையது. அப்புறம் தூரம். சூடான் ஒட்டகங்கள் பாலைவனத்தில் வாரக்கணக்காக நடந்து, அஸ்வான் பக்கம் தராவ் சந்தைக்கு வந்து, அங்கிருந்து லாரியில் கெய்ரோ அருகே பிர்காஷ் சந்தைக்குப் போகும். ஓடிவிடாமலிருக்க ஒரு முன்னங்காலை மடக்கிக் கட்டி நிறுத்தியிருப்பார்கள். இவ்வளவு அலைந்தால் உடம்பில் என்ன மிஞ்சும்?

சரி, ஹாஷியையே நிறைய வளர்க்கலாமே என்றால், சினை ஏறக்குறைய 13 மாதம், ஈனுவது ஒரு குட்டி. பெட்டையைப் பாலுக்கு வைத்துக்கொண்டு கிடாக்கன்றைத்தான் விற்பார்கள். ராஜஸ்தானில் ஒட்டகத்தை வெட்டக் கூடாது என்ற 2015 சட்டத்துக்குப் பிறகு, கறிக்கு அப்படி விற்கவும் முடியாது. ஒட்டகமே குறைந்துவிட்டது: இந்தியாவில் 2012 கணக்கெடுப்பில் சுமார் 4 லட்சம் ஒட்டகம், 2019இல் இரண்டரை லட்சம். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.