மேஹர் சிங் பெற்ற விருது எது?

1947-48 இந்திய-பாகிஸ்தான் போரில் ஜம்மு காஷ்மீரின் பூஞ்ச் நகரில் முற்றுகையிடப்பட்ட படையினருக்காக டகோட்டா என்னும் போக்குவரத்து விமானத்தை இறக்கிய இந்திய விமானப்படை அதிகாரி ஏர் கமடோர் மேஹர் சிங்குக்கு, நாட்டின் மிக உயரிய போர்க்கால வீர விருதான பரம் வீர் சக்ரா வழங்கப்பட்டதாகப் பரவும் செய்தி தவறானது. அவர் பெற்றது அதற்கு அடுத்த நிலையிலுள்ள மகா வீர் சக்ரா. இந்திய விமானப்படையில் பரம் வீர் சக்ரா பெற்ற ஒரே வீரர், 1971 போரில் உயிர்நீத்த நிர்மல் ஜித் சிங் செகோன்.

விருதின் பெயர் மாறுவதால் மேஹர் சிங்கின் துணிவு சிறிதும் குறைவதில்லை. படையினரும் ஊர் மக்களும் சேர்ந்து அமைத்த குறுகிய ஓடுதளத்தில் 1947 டிசம்பரில் முதல் விமானத்தை இறக்கியவர் அவரே. அதன்பின் டகோட்டாக்கள் வெடிமருந்தையும் உணவையும் கொண்டுவந்து, திரும்பும்போது காயமுற்றோரையும் அகதிகளையும் ஏற்றிச் சென்றதால்தான், 1948 நவம்பரில் முற்றுகை உடையும் வரை அந்நகரம் தாக்குப்பிடித்தது. 1948 மே 24 அன்று, 3,200 மீட்டருக்கும் மேலான உயரத்திலுள்ள லடாக்கின் லே நகரிலும் முதல் விமானத்தை அவரே இறக்கினார்.