துணி நேப்பி: விலை உயர்ந்ததுதான் உலர்வாக வைக்குமா?

மூங்கில் இழை நேப்பிகளை வாங்கினால்தான் குழந்தை உலர்வாக இருக்கும் என்று துணி நேப்பிகளைப் பற்றிய கட்டுரை ஒன்றில் அதன் ஆசிரியர் எழுதியிருப்பதை, பினாங்கில் இரண்டு பிள்ளைகளைத் துணி நேப்பியிலேயே வளர்த்தவள் என்ற முறையில் என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. மூங்கில் இழை நிறைய ஈரத்தைப் பிடித்துவைக்கும் என்பது உண்மையே. ஆனால் அது மெதுவாக உறிஞ்சுவதோடு, எங்கள் அடுக்குமாடி வீட்டில் மழை நாள்களில் எளிதில் காய்வதும் இல்லை.

மாறாக, இங்கே லம்பின் என்று விற்கும் சதுரப் பருத்தித் துணியை மடித்து, நீர் கசியாத மேலுறைக்குள் வைத்தால் செலவு குறைவு. விரித்து உலர்த்தும்போது ஒற்றை அடுக்காக இருப்பதால் விரைவில் காய்ந்துவிடுகிறது. ஈரம் தோலில் படுவதுதான் பருத்தியின் குறை. அதற்காகப் ஃபிலீஸ் எனும் மென்மையான பாலியெஸ்டர் துணியாலான பழைய போர்வையொன்றை வெட்டி மேலே விரித்தேன். பாலியெஸ்டர் இழை நீரைப் பிடித்துவைக்காது என்பதால் சிறுநீர் கீழிறங்கிவிட, தொட்டால் மேற்பரப்பு ஏறக்குறைய உலர்ந்தே இருக்கும். ஈரத்தை உறிஞ்ச நேப்பிக்குள் வைக்கும் மைக்ரோஃபைபர் (மிக நுண்ணிய செயற்கை இழை) பட்டையை மட்டும் நேரடியாகத் தோலில் படவிடக் கூடாது. அது தோலின் ஈரப்பசையையும் இழுத்துவிடும்.

கட்டுரையில் விடுபட்டது இன்னொன்று: புதிய பருத்தித் துணி சில முறை துவைத்த பின்பே நன்றாக உறிஞ்சும். மூத்தவனுக்கு வாங்கிய அன்றே கட்டிவிட்டு, மாமியாரின் புடவை நனைந்ததுதான் மிச்சம். துவைக்கும்போது துணியை மென்மையாக்கும் சாஃப்ட்னரும் வேண்டாம். அது இழைமீது படிந்து உறிஞ்சும் தன்மையைக் குறைத்துவிடும்.